எலெக்ட்ரிக் வயலினோடு சிந்தசைசரைச் சேர்ப்பது எப்படி: கமகம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு செய்முறை

ஜாஸ் ஃப்யூஷனுக்குள் வயலின் நுழைந்தபோது அதற்கு இருந்த முதல் சிக்கல் சத்தம்தான். டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் முழங்கும் மேடையில் மரப்பெட்டி வயலின் காதில் விழாது. அதனால் தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் வந்தது, அதைப் பெருக்கும் ஆம்ப் வந்தது. கம்பி வழியாக ஒலி போக ஆரம்பித்ததும் அடுத்த கதவு தானாகத் திறந்தது: கிட்டாருக்குப் போட்ட எக்கோ, ஃபேசர், வா-வா போன்ற ஒலி மாற்றும் கருவிகள் எல்லாவற்றையும் வயலினுக்கும் போடலாம். 1970-களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் ஜெர்ரி குட்மேனின் வயலினும் ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாரும் யான் ஹாமரின் மினிமூக் சிந்தசைசரும் (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் கருவி, சுருக்கமாக சிந்த்) ஒரே வரியை ஒன்றாக இழுப்பதைக் கேட்டால், எது வில், எது சிந்த் என்று சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. 1974-ல் அதே குழுவுக்கு வந்த ழான்-லூக் போன்ட்டி பிறகு தன் சொந்தத் தட்டுகளில் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1983-ல் வந்த அவருடைய ‘இண்டிவிஜுவல் சாய்ஸ்’ தட்டில், பதித்த சுரவரிசையைத் தானே வாசிக்கும் சீக்வென்சர் ஓட, அதன்மேல் வயலின் வாசிக்கிறார்.

அவர்கள் மேற்கத்திய முறையில் சுருதி கூட்டியவர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயலின் கையில் எடுக்கிற பெரும்பாலோர் கர்நாடக முறையில் கற்றவர்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியிலோ வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடமோ ஸ-ப-ஸ-ப சுருதியில் பழகியவர்கள். இணையத்தில் கிடைக்கும் எலெக்ட்ரிக் வயலின் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இவர்களுக்கு மூன்று இடத்தில் உதைக்கும்: தந்தியின் இழுவிசை, கமகத்தில் (சுரத்தை அசைத்து வாசிப்பதில்) சிந்த் தடுமாறுவது, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பெடலை மிதிக்கக் கால் இல்லாதது. இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் மனதில் வைத்து எழுதியது.

தந்தி

வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, இ சுருதிக்காகச் செய்யப்படுகின்றன. 196, 293.7, 440, 659.3 ஹெர்ட்ஸ். இரண்டரைக் கட்டைக்கு, அதாவது டி ஷார்ப்புக்கு இறக்கினால் கீழ் இரண்டு தந்தியும் நான்கு அரைச்சுரம் இறங்கும், மேல் இரண்டும் ஆறு அரைச்சுரம் இறங்கும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறு அரைச்சுரம் இறங்கிய தந்தியில் இழுவிசை சரிபாதி. நான்கு இறங்கியதில் 63 சதவீதம்.

மர வயலினில் இது பழகிய சுகம். கமகம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் எலெக்ட்ரிக் வயலினில் பிக்கப், தந்திகளைத் தாங்கும் குதிரையின் அடியிலோ குதிரைக்குள்ளேயோ இருக்கிறது. தந்தி குதிரையை அழுத்தும் விசைதான் பிக்கப்பின் பிடிமானம். மேல் தந்திகள் தளர்ந்தால் அவற்றின் சத்தம் மட்டும் மெலிந்து, நான்கு தந்தியும் நான்கு அளவில் வெளியே வரும். பிக்கப் கோளாறு என்று நினைத்து வயலினைக் கடைக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால், ஒரு தடவை மேற்கத்திய சுருதிக்கு ஏற்றி வாசித்துப் பாருங்கள். நான்கும் சமமானால் பிக்கப்பில் குறையில்லை.

தீர்வு இரண்டு. நான்கு தந்தி வயலினில் ஃப்யூஷனுக்கு மட்டும் நான்கு கட்டைக்கு, எஃப்-சி-எஃப்-சி என்று ஏற்றிக்கொள்ளலாம். கீழ் இரண்டு தந்தியில் 79 சதவீத இழுவிசை நிற்கும். எங்களுக்கு இதைவிடப் பிடித்தது ஐந்து தந்தி வயலின், யமஹா ஒய்இவி105 போல. அதில் கீழே ஒரு சி தந்தி கூடுதலாக இருக்கும். சி-யும் ஜி-யும் அப்படியே இருக்கட்டும். டி-யை சி-க்கும், ஏ-யை ஜி-க்கும் இரண்டு அரைச்சுரம் மட்டும் இறக்குங்கள். இ-யை சி-க்கு இறக்குங்கள். ஒரு கட்டையில் ஸ-ப-ஸ-ப-ஸ கிடைத்துவிடும், எந்தத் தந்தியும் தொளதொளவென்று ஆகாது. மேலே ஒரு தார ஸட்ஜமம் திறந்த தந்தியாகவே கிடைப்பது கூடுதல் லாபம்.

உலோக உள்ளீடு கொண்ட தந்தியே போடுங்கள். பிக்கப்புக்குத் தெளிவான தொடக்கம் கொடுக்கும், சுருதியும் சீக்கிரம் நிலைக்கும்.

பிக்கப்பும் ப்ரீஆம்பும்

எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

வயலின் பிக்கப் பெரும்பாலும் பீசோ வகை. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் சிறு துண்டு. மின்சாரக் கண்ணால் பார்த்தால் அது ஒரு சிறிய கெப்பாசிட்டர். 1 நானோஃபாரட் உள்ள பீசோவை எடுத்துக்கொள்வோம். இதை மைக்செட்காரரின் மிக்சரில் 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் நேராகச் செருகினால், சுமார் 15,900 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாமே ஆக்டேவுக்கு 6 டெசிபெல் வீதம் தேய்ந்துபோகும். வயலினின் உடம்பு முழுக்க அதற்குக் கீழேதான் இருக்கிறது. காதைக் கீறும் கொசுச் சத்தம் மட்டும் மிஞ்சும். 1 மெகா ஓம் உள்ள கிட்டார் இன்புட்டில் செருகினால் தேய்வு 159 ஹெர்ட்ஸில் தொடங்கும். இரண்டரைக் கட்டையின் மந்திர ஸட்ஜமம் 155.6 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக அடித்தளமே மெலியும். 10 மெகா ஓம் கொடுத்தால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், கவலை தீர்ந்தது. அந்த 10 மெகா ஓம் இன்புட்டைத் தரும் சிறு மின்சுற்றுதான் ப்ரீஆம்ப்.

கேபிளும் திருடும். மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால், ப்ரீஆம்புக்கு முன்னால் 5 மீட்டர் கேபிள் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு சிக்னல் போய்விடும். ப்ரீஆம்ப் வயலினிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை மீட்டர் இழுத்தாலும் பரவாயில்லை.

வயலினுக்குள்ளேயே பேட்டரியோடு ப்ரீஆம்ப் இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவையில்லை. மர வயலினில் பிக்கப் மாட்டியவர்கள் ஒன்று வாங்கலாம், அல்லது செய்யலாம். சால்டரிங் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை. பாகங்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரே தெருவில் கிடைக்கும். ஓசூர்க்காரர்களுக்குப் பக்கம்தான். வேண்டியவை: டிஎல்071 ஐசி ஒன்று, அதற்கு 8 கால் சாக்கெட், ரெசிஸ்டரில் 10 மெகா ஓம் 1, 10 கிலோ ஓம் 2, 1 கிலோ ஓம் 1, 100 கிலோ ஓம் 1, கெப்பாசிட்டரில் 10 நானோஃபாரட் 1, 100 நானோஃபாரட் 1, 10 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் 2, ஒரு ஸ்டீரியோ ஜாக், ஒரு மோனோ ஜாக், 9 வோல்ட் பேட்டரி கிளிப், உலோகப் பெட்டி. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், ஹம்மை உறிஞ்சும்.

பேட்டரியின் பிளஸ் 7-ம் காலுக்கு, கிரவுண்டு 4-ம் காலுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட், ஐசிக்கு ஒட்டி. இரண்டு 10 கிலோ ஓமையும் பேட்டரிக்குக் குறுக்கே தொடராகப் போட்டு, நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட். இப்போது நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்கும். அங்கிருந்து 10 மெகா ஓம் வழியாக 3-ம் கால். பிக்கப்பின் சிக்னல் முனை 10 நானோஃபாரட் வழியாக அதே 3-ம் காலுக்கு. 2-ம் காலையும் 6-ம் காலையும் நேராக இணைத்துவிடுங்கள். 6-லிருந்து இன்னொரு 10 மைக்ரோஃபாரட், அதன் பிளஸ் முனை ஐசி பக்கம். பிறகு 1 கிலோ ஓம், பிறகு வெளியேறும் ஜாக். அந்த ஜாக்கிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். பெட்டியின் உடல் கிரவுண்டில் தொட வேண்டும். உள்ளே வரும் இடத்தில் ஸ்டீரியோ ஜாக் போட்டு, பேட்டரியின் மைனஸை அதன் நடுவளையத்தில் இணைத்தால், மோனோ பின்னைச் செருகினால்தான் பேட்டரி ஓடும். உருவிவிட்டால் நின்றுவிடும். ஒரு பேட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

முடிந்ததும் வில்லை எடுக்காமல் சோதியுங்கள். குதிரையின் பக்கவாட்டில் விரல் நகத்தால் மெதுவாகத் தட்டினால் ‘தும்’ என்று கேட்க வேண்டும். ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் 10 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன மதிப்பு உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஃப்ளக்ஸ் கறை அந்த இடத்தில் கசிய விடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பிரஷ்ஷால் துடையுங்கள். ஒரு மூச்சுக்காற்றின் ஈரமே 10 மெகா ஓமைக் கெடுக்கப் போதும். ‘உய்ங்’ என்று ஹம் வந்து, பெட்டியைக் கையால் தொட்டதும் குறைந்தால் பெட்டியின் கிரவுண்டு விட்டுப்போயிருக்கிறது.

அடுத்து ஈக்யூ, அதாவது ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஒரு கட்டை ஐந்து தந்தியில் கீழ் ஸட்ஜமம் 130.8 என்பதால் அங்கே 100-ல் நிறுத்துங்கள். 3 கிலோஹெர்ட்ஸ் அக்கம்பக்கம் 4 டெசிபெல் அளவு குறைத்தால் பீசோவின் மூக்கடைப்பு விலகும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லச் சரித்தால் ரோசின் உராய்வு அடங்கும். பேஸை ஏற்றி மரவயலின் ஒலியைக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், வராது.

பெடல் வரிசை

வயலின், ப்ரீஆம்ப், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசர், சிந்த் அல்லது ஆக்டேவ் பெடல், ஃபேசர் அல்லது வா-வா, டிலே, ரிவெர்ப், சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ். இந்த வரிசையை மாற்ற எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: சிந்த் பெடல் டிலேக்கு முன்னால்தான். டிலேக்குப் பின்னால் வைத்தால் பழைய சுரமும் புது சுரமும் கலந்து உள்ளே போய், சிந்த் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் உளறும். கம்ப்ரசரை 2:1 அல்லது 3:1-க்கு மேல் ஏற்ற வேண்டாம். வில்லின் ஏற்ற இறக்கம் செத்துவிடும்.

டிலே நேரத்துக்கு 60,000-ஐ நிமிட வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்தால் ஒரு அடியின் மில்லிசெகண்ட் கிடைக்கும். 120 வேகத்தில் 500. ஃப்யூஷனில் ஏழும் ஐந்தும் ஒன்பதுமாகத் தாளம் வரும். மிஸ்ர சாபு, கண்ட சாபு பழகிய கைக்கு அது பயமில்லை, ஆனால் டிலேயை நான்கின் கணக்கில் வைத்தால் இடிக்கும். 250 மில்லிசெகண்ட் அட்சரத்தில் ஏழு போனால், டிலேயை 250 அல்லது முழு ஆவர்த்தனமான 1750-ல் வையுங்கள். 1750-ல் வைத்தால் போன ஆவர்த்தனத்தில் வாசித்தது இந்த ஆவர்த்தனத்துக்குப் பக்கவாத்தியமாக வந்து நிற்கும்.

சிந்தை வில்லால் ஓட்டுவது

இரண்டு வழி இருக்கிறது. எது எந்த இடத்துக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வழி, வயலின் ஒலியையே உருமாற்றும் பெடல். பாஸ் எஸ்ஒய்-1, எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் சிந்த்9 போன்றவை. இவற்றுக்குத் தனி பிக்கப் வேண்டாம், சாதாரண கேபிள் போதும். சுரத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காணாமல், வருகிற ஒலியையே பிசைந்து தருவதால் விரல் போகிற வழியெல்லாம் கூடவே வரும். கமகத்துக்கு இதுதான் உகந்தது.

இரண்டாவது வழி, வயலின் ஒலியை மிடி குறியாக (எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்று சிந்துக்குச் சொல்லும் டிஜிட்டல் குறி) மாற்றி எந்த சிந்தையும் ஓட்டுவது. அமெரிக்காவின் ஜீட்டா வயலின்கள் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி பிக்கப் வைத்து இதற்காகவே வந்தவை. இப்போது லேப்டாப்பில் மென்பொருளே ஒற்றை பிக்கப்பிலிருந்து மாற்றித் தருகிறது. இதில் சிந்த் உலகமே திறந்துகிடக்கிறது, விலையும் உண்டு. முதல் விலை தாமதம். ஒரு சுரத்தை அறிய அதன் அலை ஒன்றிரண்டு சுற்றாவது முடிய வேண்டும். மந்திர ஸட்ஜமம் 155.6 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 6.4 மில்லிசெகண்ட், இரண்டு சுற்றுக்குப் 13. அதோடு வில் தந்தியைப் பற்றும் முன் வரும் உராய்வும் கணினியின் தாமதமும் சேரும். மேல் தந்தியில் இது பாதிக்கும் கீழே. ஆகவே மிடியில் வேகமான வரிகளை மேல் ஸ்தாயியில் வாசியுங்கள், கீழே நீண்ட சுரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விலை கமகம். கரகரப்பிரியாவின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்யூஷன்காரர்கள் டோரியன் ஸ்கேல் என்று மணிக்கணக்கில் சுற்றுகிற அதே சுரங்கள்தான், ஆனால் நம் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்திலிருந்து மத்தியமம் வரை, ஏறத்தாழ மூன்று அரைச்சுர அகலத்துக்கு ஆடுகிறது. மிடியின் பிட்ச் பெண்ட் (ஒரு சுரத்தை வளைக்கும் அளவு) வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம்தான். மூன்றாவதைத் தொட்டதும் ஒலியை மிடியாக்கும் கருவி (மிடி மாற்றி) பழைய சுரத்தை முடித்துப் புது சுரத்தைத் தொடங்கும், சிந்த் மறுபடி அடிக்கும். ஒரே வில்லில் இழுத்த காந்தாரம் ‘டக்-டக்-டக்’ என்று ஹார்மோனியக் கட்டை தட்டியதுபோல வரும். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பெண்ட் அளவை 12 என்று வையுங்கள். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். அனுப்புவது 12, வாங்குவது 2 என்றால் மூன்று அரைச்சுர அசைவு ஒரு அரைச்சுரத்தில் பாதியாகச் சுருங்கி, காந்தாரம் எங்கும் போகாது. சிந்த் ஒலியை மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோவில் (மறுபடி அடிக்காமல் தொடர்வது) வைத்து, அட்டாக்கை (ஒலி எழ எடுக்கும் நேரம்) 30 முதல் 80 மில்லிசெகண்ட் கொடுங்கள். சுரத்தைச் சரிப்படுத்தும் குவாண்டைஸ் வசதி எதுவாக இருந்தாலும் அணையுங்கள்.

மூன்றாவது, நம் சுருதியே. ஸ-ப-ஸ-ப கூட்டிய வயலினில் மத்திய ஸட்ஜமத்தை வாசித்தால் மந்திரத் தந்தியும் சேர்ந்து முனகும். மிடி மாற்றி குழம்பி ஒரு ஆக்டேவ் தாவும். ஜி-டி-ஏ-இ கூட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வாசிக்காத தந்திகளை இடது விரல் ஓரத்தால் லேசாகத் தொட்டு அடக்கிப் பழகுங்கள். மென்பொருளில் கேட் அளவை (அதற்குக் கீழான ஒலியை அடைக்கும் எல்லை) அந்த முனகலுக்குச் சற்று மேலே வையுங்கள்.

எந்த வழியானாலும் வயலினின் அசல் ஒலியைத் தனியாகப் பிரித்து மிக்சரில் ஒரு சேனலில் எப்போதும் வையுங்கள். சிந்த் இரண்டாவது சேனலில். அசல் ஒலி தொடக்கத்தைக் கொடுத்துவிடுவதால் சிந்தின் தாமதம் காதுக்குத் தெரியாது. கமகம் செறிந்த இடத்தில் சிந்தை இறக்கி, நீண்ட கார்வையில் ஏற்றுங்கள். சிந்தின் ஃபில்டரை வில்லின் ஒலியளவோடு கட்டிவிட்டால் வில் அழுந்தும்போது சிந்த் பிரகாசிக்கும், தளரும்போது மங்கும். வில்லின் மூச்சு சிந்துக்குள் போவது இங்கேதான்.

கீபோர்டுக்காரரோடு

சிந்தை வேறொருவர் வாசித்தால் டிரான்ஸ்போஸ் மூன்று ஏற்றச் சொல்லுங்கள், அவருடைய சி உங்கள் இரண்டரைக் கட்டை ஸட்ஜமமாகும். சுருதிப்பெட்டி காதால் கூட்டியதாக இருந்தால் கீபோர்டின் மாஸ்டர் டியூனையும் அதற்கு இணையாக்குங்கள்.

பின்னணியில் நீண்டு நிற்கும் பேட் ஒலியில் காந்தாரம் வேண்டாம். தம்புராவில் ஒலிக்கும் அந்தர காந்தாரம் ஸட்ஜமத்திலிருந்து 386 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்), கீபோர்டில் 400. அந்த 14 சென்ட் இடைவெளியில் நீண்ட கார்வை துடிதுடிக்கும், வயலின்காரர்தான் சுருதி விட்டார் என்று கேட்பவர் நினைப்பார். ஸ-ப மட்டும், அல்லது அதோடு ரி சேர்த்துப் பிடிக்கட்டும். பஞ்சமத்தில் வித்தியாசம் இரண்டே சென்ட். பேட் ஒலியை 1.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஃபில்டரில் வெட்டி, நடு சி-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மேடை

ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழா, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி, கோயில் திருவிழா என்று நம் பக்கத்து மேடைகள் பெரும்பாலும் திறந்தவெளி, ஷாமியானா, ஜெனரேட்டர். ஜெனரேட்டர் மாறும் அந்த நொடியில் டிஜிட்டல் பெடல் எல்லாம் அணைந்து மறுபடி எழும். ப்ரீஆம்பைப் பேட்டரியிலேயே விட்டு, அசல் ஒலியைப் பெடலுக்கு முன்பே பிரித்திருந்தால், மைக்செட் உயிர்பெற்ற உடனே வயலின் கேட்கும். சிந்த் பிறகு வந்து சேரட்டும். லேப்டாப்புக்கு ஒரு சிறு யுபிஎஸ் அவசியம்.

ஹம் வந்தால் முதலில் எல்லா அடாப்டரையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். அடுத்து டிஐ பாக்ஸில் கிரவுண்டு லிஃப்ட் பொத்தான். லேப்டாப் சார்ஜரை உருவிப் பார்த்தால் பாதி ஹம் அதிலிருந்து வருவது தெரியும். ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். உலோகத் தந்தியில் விரல், ஈரத்தரையில் கால் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றினால் பெடலை மிதிக்கக் கால் கிடையாது. இதற்கு மூன்று ஏற்பாடு நடைமுறையில் வேலை செய்கிறது. ஒரு பாட்டுக்கு ஒரே ஒலி, மாற்றம் எல்லாம் வில்லின் அழுத்தத்தால். அல்லது ஒலி மாற்றத்தை மிடி வழியாகக் கீபோர்டுக்காரர் கையில் கொடுப்பது. அல்லது பெடல் போர்டை முட்டி உயரப் பலகையில் வலப்பக்கம் வைத்து, திறந்த தந்தி கார்வை முடியும் இடத்தில் வில் பிடித்த கையின் முழங்கையால் அழுத்துவது. கடைசி வழிக்குப் பொத்தான் பெரியதாக இருக்க வேண்டும், இரண்டு பெடலுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும். கேபிளை வயலின் ஜாக்கிலிருந்து இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், இடுப்பில் ஒரு சுற்றுத் தளர்வாக விட்டுக் கீழே இறக்குங்கள். மடியில் விழுந்தால் வில் அதில் தட்டும்.

சித்திரை வெயிலில் மேடைக்கு மேல் விளக்கும் சேர்ந்தால் தந்தி சூடாகிச் சுருதி இறங்கும். மேடையேறிக் கால்மணி நேரம் வயலினை அங்கேயே வைத்த பிறகு கூட்டுங்கள், குளிர்ந்த அறையில் கூட்டிக்கொண்டு வந்து உடனே தொடங்க வேண்டாம். ஓசூரில் மாலைக் கச்சேரி என்றால் இதற்கு நேர்மாறாகச் சுருதி ஏறும், இரண்டாவது பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ரோசினை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். உருகி ஒட்டிக்கொண்ட ரோசின் வில்லில் கட்டியாக ஏறி, அந்த உராய்வே மிடி மாற்றிக்குப் பொய்ச் சுரங்களாகப் போய்ச் சேரும்.